எந்தக் கம்பஸ் கிட்ட, ரீச்சர்?

வட்டக்கச்சியிலிருந்து ஒரு தகப்பன் என் வீட்டுக்கு வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் மகள், மகளின் மடியில் ஒரு பை, பைக்குள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல், அதை அமுக்கிக்கொண்டு ஒரு பூசணிக்காய். சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் திறந்திருந்த நாட்கள். வயலை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது காலில் காய்ந்திருந்த சேற்றிலேயே தெரிந்தது. நான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

"பிள்ளை ஆங்கிலம் படிக்க வேண்டும் என்கிறாள். எந்தக் கம்பஸ் கிட்ட, ரீச்சர்?"

எது நல்லது என்று அவர் கேட்கவில்லை. எது கிட்ட என்றுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2013ஆம் ஆண்டு என் அம்மாவும் இதே கேள்வியை இதே சொற்களில் கேட்டார். வன்னியில் தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்கும் பழக்கம் எங்கள் தலைமுறையில்தான் திரும்பி வந்தது. அதற்கு முன், போர்க்காலத்தில், பாதை திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்பதுதான் அளவு. 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்தபோது யாழ்ப்பாணம் கிட்ட வந்தது. 2006 ஆகஸ்ட்டில் பூட்டியபோது அதே யாழ்ப்பாணம் வேறு நாடாகிப் போனது. அங்கே படிக்கப் போயிருந்த வன்னிப் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். இங்கே இருந்த தாய்மார் அவர்களின் குரலைக் கேட்பதற்குக் கூட வழி தேடி அலைந்தார்கள். அப்படி ஒரு காலத்தைக் கண்டவர்கள் 'கிட்ட' என்று சொன்னால், 'நாளைக்கு ஏதாவது நடந்தால் பிள்ளை நடந்தாவது வீட்டுக்கு வந்து சேரக்கூடிய இடம்' என்று பொருள். அதைப் புரிந்துகொள்ளாமல் பெற்றோருக்கு அறிவுரை சொல்ல வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

ஆனாலும் அந்தக் கேள்வி ஆங்கிலம் படிக்கப் போகும் பிள்ளைக்குப் பொருந்தாத கேள்வி. இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அன்று பின்னேரம் முழுவதும் எனக்குச் சிக்கலாக இருந்தது.

"எங்கள் அறிவியல்நகரிலேயே பெரிய கட்டடங்கள் இருக்கின்றனவே, அங்கே படிக்க முடியாதா?" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தில் இருப்பவை விவசாயம், பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள். கலைப்பீடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். வவுனியாவில் பம்பைமடு வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அது தொடங்கிய மூன்று பீடங்கள் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள். ஆகவே வன்னி மண்ணில் எந்திரவியல் படிக்கலாம், நெல்லின் நோய் பற்றிப் படிக்கலாம், கணக்கியல் படிக்கலாம். ஒரு கவிதையை நான்கு ஆண்டுகள் கையில் வைத்துக்கொண்டு படிக்க விரும்பினால் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். அழிந்த இடத்தைக் கட்டியெழுப்ப எந்தப் படிப்பு தேவை என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்தபோது கவிதை அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. சரி, போகட்டும்.

மகள் இதுவரை வாய் திறக்கவில்லை. கைந்நூலை என்னிடம் நீட்டினாள். பக்க ஓரங்களில் பென்சிலால் சிறு சிறு புள்ளிகள் வைத்திருந்தாள். யாழ்ப்பாணத்துக்கு எதிரே இரண்டு புள்ளிகள். பேராதனைக்கு எதிரே ஒன்றை வைத்து, பிறகு அழித்திருந்தாள். அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் தடித்திருந்தது. பல முறை வைத்து அழித்திருக்க வேண்டும்.

நான் முதலில் விண்ணப்பத்தின் விருப்ப ஒழுங்கைப் பற்றித்தான் தகப்பனிடம் பேசினேன். எங்கள் பக்கத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகள் இடறுவது அங்கேதான். கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயத்தில், நிச்சயம் கிடைக்கும் என்று நினைப்பதை முதலாவதாக எழுதிவிடுகிறார்கள். ஆணைக்குழு பார்க்கும் முறை வேறு. முதல் விருப்பத்துக்கு இசற் புள்ளி, அதாவது உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் Z புள்ளி, போதுமா என்று பார்க்கும். போதாவிட்டால் இரண்டாவதுக்கு இறங்கும், பிறகு மூன்றாவதுக்கு. மேலே கனவை எழுதியதற்குத் தண்டனையாகக் கீழே இருப்பது பறிபோகாது. ஆனால் கிட்ட இருப்பதை முதலில் எழுதி அது கிடைத்துவிட்டால், மேலே எழுதாமல் விட்ட கனவைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்கப் போவதில்லை. தகப்பனுக்கு இது சட்டென்று விளங்கியது. "வாய்க்காலில் மேல்மடை கீழ்மடை மாதிரி" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

இரண்டாவது விஷயம் விளங்க நேரம் எடுத்தது. பெரும்பாலான இடங்களில் ஆங்கிலம் படிக்க என்று தனியாக அனுமதி கிடைப்பதில்லை. கிடைப்பது கலைப்பீடத்துக்கு. உள்ளே போன பிறகு முதலாம் ஆண்டில் மூன்று பாடங்கள். அதில் ஒன்றாக ஆங்கிலத்தை எடுக்கத் துறை சம்மதிக்க வேண்டும். உயர்தரத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்தவர்களுக்கு அந்தக் கதவு இலகுவாகத் திறக்கும். மற்றவர்கள் துறை வைக்கும் பரீட்சையைத் தாண்ட வேண்டிவரலாம். முதலாம் ஆண்டுப் பெறுபேறு நன்றாக இருந்தால்தான் ஆங்கிலத்தில் சிறப்புப் பட்டம். இல்லையென்றால் மூன்றில் ஒரு பாடமாகப் பொதுப் பட்டத்தோடு திரும்பி வரலாம். இந்தப் பிள்ளை உயர்தரத்தில் எடுத்தவை தமிழ், புவியியல், இந்துநாகரிகம். அவளுடைய பாடசாலையில் ஆங்கில இலக்கியம் கற்பிக்க ஆசிரியர் இல்லை. வன்னியில் எத்தனை பாடசாலையில் இருக்கிறார் என்று எண்ண ஒரு கை விரல்களே அதிகம் என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. எல்லோரும் எழுதும் பொது ஆங்கிலம் இசற் புள்ளியில் சேராது என்பதால் அதைப் பிள்ளைகள் கடைசி வாரத்தில்தான் தொடுவார்கள்.

அடுத்ததாக இன்னொரு குழப்பம் இருக்கிறது. அதில் நானே விழுந்து எழும்பியவள். ஆங்கிலம் என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு படிப்புகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று இலக்கியம்: நாடகமும் கவிதையும் நாவலும், அவற்றை எழுதியவர்களின் காலமும், ஆண்டவர்களின் மொழியில் ஆளப்பட்டவர்கள் எழுதியதும். இன்னொன்று மொழியியல்: ஒலி எப்படிப் பிறக்கிறது, வாக்கியம் எப்படி நிற்கிறது, இரு மொழி பேசுகிறவனின் தலைக்குள் என்ன நடக்கிறது. மூன்றாவது கற்பித்தல்: இரண்டாம் மொழியாக ஆங்கிலத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது. துறைகளின் பெயர்ப்பலகையே கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். நான் விண்ணப்பித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொழியியலும் ஆங்கிலமும் ஒரே துறை. களனியில் மொழியியலுக்குத் தனித் துறை, ஆங்கிலத்துக்குத் தனித் துறை, ஆங்கிலம் கற்பித்தலுக்கு இன்னொன்று. பேராதனைக்கு இலக்கியத்தில் பழைய பெயர். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே லூடோவைக் போன்ற பேராசிரியர்கள் மாணவர்களை வைத்து நாடகம் போட்டே இலக்கியம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று என் மாமா ஒருவர் மூச்சுவிடாமல் சொல்லுவார். மாமா எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போனதில்லை. ஆனால் 2013இல் என் விண்ணப்பத்தின் ஒழுங்கைத் தீர்மானித்தவர் அவர்தான். நான் எதைப் படிக்கப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. இலக்கணம் நன்றாக வரும், ஆகவே ஆங்கிலம் என்று நினைத்திருந்தேன். முதல் வாரத்தில் ஒரு சோகநாடகத்தைக் கையில் தந்தபோது, வினைச்சொற்களுக்கு அடியில் கோடு போடுவதா என்று யோசித்தேன்.

நான் போனது தெற்கில் ஒரு பல்கலைக்கழகம். எது என்று எழுதினால் இது அந்த இடத்துக்கு விளம்பரமாகவோ வசையாகவோ ஆகிவிடும். அதனால் பெயர் வேண்டாம். நான் புறப்பட்ட ஆண்டின் செப்டெம்பரில்தான் 1990க்குப் பிறகு முதன்முறையாகக் கிளிநொச்சிக்கு ரயில் வந்தது. பார்ப்பதற்காக ஊரே நிலையத்தில் நின்றது. நான் ரயிலில் போகவில்லை. அம்மாவுக்குப் பழகிய பாதை பஸ் பாதைதான்.

முதல் விரிவுரை நாளில் ஒவ்வொருவரும் எழுந்து தங்களை அறிமுகப்படுத்த வேண்டும் என்றார்கள். கொழும்புப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது போலப் பேசினார்கள். நான் எழுந்து பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. மூன்றாம் ஆண்டிலிருந்து படித்த மொழி. சாதாரண தரப் பரீட்சையை 2009 டிசம்பரில் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து எழுதியபோது கூட ஆங்கிலத்தில் நல்ல சித்தி. ஆனால் அந்த மொழியில் அதுவரை ஒரு மனிதரோடும் நான் பேசியதில்லை. தாளோடு மட்டும்தான் பேசியிருந்தேன். முகாமில் வெளிநாட்டுக்காரர் யாராவது வந்து போனால், ஆங்கிலத்தில் ஏதாவது கேள் என்று பெரியவர்கள் என்னை முன்னே தள்ளுவார்கள். நான் பின்னால் ஓடிவிடுவேன்.

பின்வரிசையில் மௌனமாக இருந்தே முதல் தவணை போனது. அங்கேயிருந்த மூத்த மாணவர் சிலரின் பகிடிவதையைப் பற்றி எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவே கட்டுரையாகிவிடும். ஒன்று மட்டும்: இடம் தேடும் பெற்றோர் விடுதியைப் பற்றிக் கேட்கும்போது கட்டில் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தனி விடுதியில் வைக்கிறார்களா, இரவில் பொறுப்பாளர் அங்கே தங்குகிறாரா என்றும் கேட்க வேண்டும்.

எனக்கு ஆங்கிலம் வந்தது விரிவுரை மண்டபத்தில் இல்லை, விடுதி அறையில். என்னோடு அறையில் இருந்தவள் மெதவாச்சிப் பக்கத்துச் சிங்களப் பெண். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனக்குச் சிங்களத்தில் சோதனைச்சாவடிச் சொற்கள் சில தெரியும். 'இறங்கு', 'அடையாள அட்டை', 'பையைத் திற'. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணோடு சிநேகம் பிடிக்க முடியாது. அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போல நொண்டி. வேறு வழியில்லாமல் இருவரும் அந்த நொண்டி ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினோம். சவர்க்காரம் யார் வாங்குவது, மின்விசிறி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், யாருடைய அம்மா நன்றாகச் சமைப்பார். ஒரு நாள் இரவு மின்சாரம் போனபோது நான் ஓமந்தைச் சோதனைச்சாவடியைப் பற்றிச் சொன்னேன்: பொதிகளை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு வெயிலில் நிற்பது. அவள் மெதவாச்சியில் நின்ற வரிசையைப் பற்றிச் சொன்னாள். படையில் இருந்த அண்ணனைப் பற்றிச் சொன்னாள். ஏ9 வீதியில் எங்கள் இரண்டு ஊர்களுக்கும் இடையில் ஒரு காலை பஸ் ஓடும் தூரம்தான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க எங்களுக்கு ஓர் அந்நிய மொழி தேவைப்பட்டது. காலமெல்லாம் பிழை. இறந்தகாலம் வர வேண்டிய இடத்தில் நிகழ்காலம் வந்தது. அன்று இரவு யாரும் யாரையும் திருத்தவில்லை.

இரண்டாம் ஆண்டில் வகுப்பில் கை உயர்த்தினேன். அதற்குக் காரணம் எந்தப் பாடத்திட்டமும் இல்லை.

இன்னொரு நாள் நூலகத்தில் வேறு எதையோ தேடும்போது ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேடு அகப்பட்டது. எங்கள் குளங்களும் காடும் ஊர்ப்பெயர்களும் ஆங்கிலத்தில் இருந்தன. எங்களைப் பற்றி எழுதியவர் எங்களுக்காக எழுதவில்லை என்பது எழுத்திலேயே தெரிந்தது. அந்தப் புத்தகத்தின் முன் இரண்டு மணிநேரம் இருந்தேன். அதுவரை ஆங்கில இலக்கியம் என்றால் மழைநாட்டுக்காரர்களின் பூக்களைப் பற்றிய படிப்பு என்று நினைத்திருந்தேன். எங்கள் காட்டைப் பார்த்த கண்ணை எதிர்த்துப் படிப்பதும் அந்தப் படிப்பில் அடங்கும் என்று அன்று பிடிபட்டது. ஆகவே நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதும் ஒரு பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்ய நல்ல கேள்விதான். கைந்நூலில் அது இருக்காது. படிக்கும் பிள்ளை ஒருத்தியைப் பிடித்துத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் சொல்லி, தெற்குக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று அந்தத் தகப்பனிடம் நான் வாதாடவில்லை. எனக்கு எதிரான சாட்சி என் வகுப்புத் தோழி. அவள் யாழ்ப்பாணத்தில் படித்தாள். முதல் ஆண்டில் கிளிநொச்சியிலிருந்து பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம் என்று நாளாந்தம் பஸ்ஸில் போய்வந்தாள். பிறகு திருநெல்வேலியில் அறை எடுத்தாள். என்னைவிட ஆழமாகப் படித்தவள் அவள். தமிழ் இலக்கியத்தையும் ஆங்கில இலக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடியவள். மற்ற இரண்டு பாடங்களைத் தமிழில் படித்ததால் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருந்தது. எனக்கு மூன்று பாடங்களும் ஆங்கிலத்தில். அகராதியைப் புரட்டியே பாதி இரவு போய்விடும். தமிழ்மூலம் எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதை எங்கள் பிள்ளைகள் அனுமதி கிடைத்த பிறகுதான் விசாரிக்கிறார்கள். பேராதனையிலும் கொழும்பிலும் கலைப்பாடங்கள் பலவற்றைத் தமிழில் படிக்கலாம். களனியிலும் ஜயவர்தனபுரத்திலும் பெரும்பாலும் சிங்களம் அல்லது ஆங்கிலம். ஆங்கிலம் படிக்கத்தானே போகிறாள், மற்றதும் ஆங்கிலத்தில் இருந்தால் என்ன என்று சொல்வது இலகு. படிப்பவளுக்குத்தான் தெரியும்.

என் தோழியிடம் ஒரு குறையைக் கேட்டால் அவளே சொல்லுவாள். நான்கு ஆண்டுகளும் விரிவுரை முடிந்த கணமே தமிழுக்குத் திரும்பிவிடலாம். திரும்பவும் செய்தாள். இன்றும் அவள் எழுதும் ஆங்கிலம் என்னுடையதைவிட அழகு. பேசச் சொன்னால் கைப்பையில் எதையோ தேடுவாள்.

தகப்பனுக்கு வேறு வழிகளும் சொன்னேன். ஆசிரியர் வேலைதான் நோக்கம் என்றால் பூந்தோட்டத்தில் வவுனியா தேசியக் கல்வியியற் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தபடி படிக்க வேண்டுமானால் திறந்த பல்கலைக்கழகத்தின் ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் பட்டம் இருக்கிறது. கட்டணம் உண்டு, மனவுறுதியும் வேண்டும். துண்டுப்பிரசுரத்தில் வெளிநாட்டுக் கட்டடப் படம் போட்டு விற்கும் பட்டங்களைப் பற்றியும் கேட்டார். ஆணைக்குழு அங்கீகரித்ததா என்று பார்க்காமல் ஒரு சதமும் கட்ட வேண்டாம் என்றேன். "காணி ஈடு வைத்துத்தான் கட்டவேண்டும் ரீச்சர், அது சரிவராது" என்று அவரே முடித்துவிட்டார்.

பிறகு மகளிடம் ஆங்கிலத்தில் கேட்டேன், எந்த வகுப்பு அவளுக்குப் பிடிக்கும் என்று. கேள்வி முழுவதும் அவளுக்கு விளங்கியது. பதில் தமிழில் வந்தது. திரும்பவும் ஆங்கிலத்தில் கேட்டேன். தகப்பனைப் பார்த்தாள், பூசணிக்காயைப் பார்த்தாள், மறுபடியும் தமிழ். பதிலில் குறை ஒன்றுமில்லை. சங்கப் பாடல் ஒன்றில் தலைவி பேசாமல் இருப்பதே பேச்சு என்று பாடசாலையில் சொல்லிக்கொடுத்ததாகவும், ஆங்கிலத்திலும் அப்படி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க ஆசை என்றும் சொன்னாள். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இலக்கியம் படிக்க இதைவிடப் பெரிய காரணம் வைத்திருக்கத் தேவையில்லை. இவளுக்குத் தேவை தமிழ் கேட்காத ஓர் அறை, அதற்குப் பக்கத்திலேயே தமிழில் மூச்சுவிட ஓர் இடம் என்று எனக்குத் தோன்றியது. என் கதை என் கண்ணை மறைத்திருக்கவும் கூடும்.

தகப்பனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "அண்ணை, ஏ9 வீதி தொடங்குவது கண்டியில். யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். பேராதனை கண்டிக்குப் பக்கத்தில்தான். பிள்ளை எந்தப் பக்கம் போனாலும் உங்கள் வாசலால் போகிற அதே தெருவில்தான் இருப்பாள்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைந்நூலைப் பைக்குள் வைத்தார். பூசணிக்காயைக் குசினி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

ஒரு கிழமை கழித்து இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். பின்னணியில் தண்ணீர்ப் பம்பியின் சத்தம்.

"ரீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற கண்டி பஸ் கிளிநொச்சியில் எத்தனை மணிக்கு நிற்கும்?"

நேரம் சொன்னேன்.

"எங்கே ஏறினால் இருக்கை கிடைக்கும்?"

அதையும் சொன்னேன்.